முழுக்கைச் சட்டையும் வெயில் பட்டையும்

அந்தத் தாளை நான் பார்த்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சனிக்கிழமை அதை ரோடு கூட்டுகிற ஒரு அக்காவின் கையில் கொடுக்க வேண்டும். "ஒரு வாரத்தில் உங்கள் மேல் பட்ட வெயில்: குறைவு" என்று அச்சாகியிருந்தது. பொம்மனஹள்ளிப் பக்கம் ஓசூர் ரோட்டில், பேருக்குக்கூட ஒரு மரம் இல்லாத இடத்தில், காலை ஆறரையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை ரோடு கூட்டுகிறவருக்கு வெயில் குறைவாம். அதே கட்டில் அடுத்த தாள், ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் தட்டுகிற ஒருத்தருடையது. அவருக்கு "நடுத்தரம்". முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்தத் தாளை அக்கா எங்கே கொண்டுபோகப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் யார் யார் மேல் எவ்வளவு வெயில் படுகிறது என்று ஒரு டாக்டரம்மா ஆராய்ச்சி நடத்தினார். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதி வருவது நான். விவேக் நகரில் பிறந்து வளர்ந்தவள், தமிழும் கன்னடமும் தடுமாறாமல் வரும், அதனால்தான் எடுத்தார்கள். வாய் கொஞ்சம் நீளம் என்பதை இன்டர்வியூவில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெயிலை மூன்று விதமாக அளந்தோம். முதலில் ஒரு கேள்விப் பாரம். போன வாரம் சராசரியாக ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் வெயிலில் இருந்தீர்கள் என்று கேட்கும். எவன் உட்கார்ந்து இதை எழுதினானோ, அவன் ஒரு நாளாவது நிமிடம் எண்ணியிருப்பானா? அக்காவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு அரை மணி நேரம் என்றார். ரோட்டில் ஏழரை மணி நேரம் நிற்கிறீங்களேக்கா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்கக் கூடாது, சொன்னதை எழுத வேண்டும், அதுதான் ரூல். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தை மட்டும்தான் அவர் வெயில் கணக்கில் சேர்த்தார் என்பது பிறகுதான் விளங்கியது. வேலை நேரம் வேலை நேரம், அதில் வெயில் எங்கே வந்தது?

இரண்டாவது, தினமும் டிக் போட ஒரு நோட்டு. ஏழு நாளுக்கும் ஒரே மாதிரி, ஒரே அழுத்தத்தில் டிக் விழுந்திருந்தது. ஏழாம் நாள் சாயங்காலம் மொத்தமாகப் போட்டிருக்கிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

மூன்றாவதுதான் பட்டை. தபால் தலை அளவுக்கு ஒரு ஃபிலிம், அதை வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். வெயில் பட்டால் ஃபிலிம் கறுக்கும். எவ்வளவு கறுத்தது என்று ஒரு மிஷின் சொல்லும். தினம் ஒன்று, சாயங்காலம் கழற்றிக் கறுப்பு உறையில் போட்டுவிட வேண்டும். மனுஷர் மறப்பார், பொய் சொல்வார், ஃபிலிம் சொல்லாது என்று டாக்டரம்மா எங்களுக்குப் பாடம் எடுத்தார். கடைசிக் கணக்கு இந்தப் பட்டையை வைத்துத்தான்.

அக்காவுக்கு ஈஜிபுராவில் ஒற்றை ரூம் வீடு. வேலை ஒரு கான்ட்ராக்டரிடம். ஒரு வருஷமாகவே இரண்டு கன்னத்திலும் சிவப்பாகத் தடித்திருந்தது. விரல் முட்டியெல்லாம் வலி. ரத்தத்தில் ஏதோ கோளாறு, வெயில் பட்டால் கூடும், உள்ளே சிறுநீரகம் வரைக்கும் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சீட்டும் கொடுத்திருந்தார்கள். அந்தச் சீட்டை மேஸ்திரியிடம் நீட்டி, பார்க் ஓரத்துத் தெருவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அந்தத் தெரு முழுக்க மரம். சீட்டு யார் வேண்டுமானாலும் வாங்கி வரலாம், உனக்கு அப்படி என்ன வெயில் படுகிறது, ஒன்பது மணிக்கெல்லாம் கூட்டி முடித்துவிடுகிறீர்கள் என்று மேஸ்திரி தட்டிக்கழித்துவிட்டார். ஆராய்ச்சியில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவை டாக்டர் கையெழுத்தோடு தாளில் தருவோம் என்று நான் சொன்னதும், அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பார்க் தெருவில் ஒரு இடம் மாசக் கடைசியில் காலியாகிறது, ஒன்றாம் தேதி யாரையாவது போட்டுவிடுவார்கள், அதற்குள் தாள் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்கும் என்று சொன்னேன்.

இப்போது அந்தத் தாளில் "குறைவு". மேஸ்திரிக்கு அல்வா மாதிரி இருக்கும். இனிமேல் ஜென்மத்துக்கும் மாற்ற மாட்டார்.

வியாழக்கிழமை பூராவும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். மிஷின் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில், எங்கள் தெரு முனையில் ஒரு அம்மா குப்பையை அள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை. இந்த ஊரில் ரோடு கூட்டுகிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான், வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொள்வார்கள். தூசு, குப்பை, பார்வை எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். கைப் பித்தானை மணிக்கட்டு வரை இறுக்கிப் போடுவார்கள். நான் அப்படியே ரோட்டில் நின்றுவிட்டேன். பட்டை மணிக்கட்டில். சட்டைக் கைக்கு உள்ளே.

அதோடு போச்சா? பட்டை கட்டிவிட்ட அன்று நான் என்ன சொன்னேன் என்பதும் ஞாபகம் வந்தது. "விலை ஜாஸ்திக்கா, தொலைச்சிட்டா என்னைத் தோலை உரிச்சிடுவாங்க, பத்திரமா வெச்சுக்கோங்க." பாவம், அவர் பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறார். பித்தானைப் போட்டு மூடி வைத்திருக்கிறார். என் தலையில் நானே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கத்தவில்லை. மொத்தம் எத்தனை பேர் கூட்டுகிறவர்கள் என்று கேட்டார். பதினாலு பேர், எல்லோரும் முழுக்கைச் சட்டை. இதற்கு முன் பட்டையைக் காலேஜ் பிள்ளைகளுக்குக் கட்டித்தான் சோதித்துப் பார்த்தார்களாம். அரைக்கை டீஷர்ட்டில் எந்தப் பட்டை மறையும்? பதினாலு பேருக்கும் மறுபடி அளப்போம், இந்த முறை சட்டைக்கு மேலே தோளில் குத்துவோம் என்றார். நாள் கணக்குப் போட்டேன். ஏழு நாள் பட்டை, இரண்டு நாள் மிஷின். ஒன்றாம் தேதிக்குப் பத்து நாள் இருந்தது.

அன்று சாயங்காலமே ஈஜிபுரா போனேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அக்கா கோபப்படவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்தத் தடவையும் குறைவு என்றே வந்தால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். வராது என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா?

"இந்தத் தடவை வெயில் நல்லா படணும்க்கா. அதை மட்டும் பார்த்துக்கோங்க."

பட்டையை மறைக்காதீர்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். சத்தியமாக அவ்வளவுதான். அவர் சரி என்று தலையாட்டினார்.

பட்டை கட்டியிருக்கிற வாரத்தில் நாங்கள் போய்ப் பார்க்கக் கூடாது. ஆள் வந்து பார்த்தால் ஜனங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்வார்கள், அளவு கெட்டுவிடும். ஐந்தாம் நாள் வேறு வேலையாக ஓசூர் ரோட்டில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மணி இரண்டே முக்கால் இருக்கும். மார்ச் மாச வெயில், ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியவில்லை. ரோட்டுக்கு நடுவே சிமென்ட் தடுப்போரம் அக்கா நின்றுகொண்டிருந்தார். வேலை முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. எப்போதும் தலையில் சுற்றியிருக்கிற துண்டு இடுப்பில் இருந்தது. பத்தடி தள்ளி பஸ் ஸ்டாப்பில் நல்ல நிழல், பெஞ்சுகூட காலி. அவர் தோளைத் திருப்பித் திருப்பி வெயிலுக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

எழுந்து படிக்கட்டு வரை போனேன். ரூல் ஞாபகம் வந்தது என்று சொல்லலாம். ரூலும் ஞாபகம் வந்தது, பொய் இல்லை. ஆனால் உண்மை வேறு. கறுக்கட்டும், ஃபிலிம் நல்லா கறுக்கட்டும், என் தப்பு ஒரு வழியாக நேராகட்டும் என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம். ஸ்டாப் வந்தது, நான் இறங்கவில்லை.

எட்டாம் நாள் பட்டைகளை வாங்கப் போனேன். அக்கா கதவைத் திறந்தார். கன்னத்துச் சிவப்பு மூக்கு வரை பரவிக் கன்றியிருந்தது. உதட்டில் புண். கை விரல் மடங்கவில்லை, உறைகளை எடுத்துத் தரவே சிரமப்பட்டார். ஏழு உறைகளையும் வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"நீதானம்மா சொன்ன, நல்லா படணும்னு. வேலை முடிஞ்சு டெய்லி ஒரு மணி நேரம் நின்னேன். போதுமா?"

போதும் என்றேன். பாரத்தை எடுத்து வைத்தேன், முடிக்க வேண்டுமே. கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது, எல்லோரிடமும் கேட்பது. பட்டை கட்டியிருந்ததால் உங்கள் வழக்கத்தில் ஏதாவது மாறியதா? ஆம் என்று டிக் போட்டால் அந்த வாரம் கணக்கிலேயே சேராது. தாளும் கிடையாது. அக்கா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேள்வியை வாசிக்கவே இல்லை. இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

தாள் முப்பத்தொன்றாம் தேதி வந்தது. "மிக அதிகம்". அக்கா ஆஸ்பத்திரியில் இருந்ததால், அவர் கேட்டுக்கொண்டபடி நானே அதை மேஸ்திரியிடம் காட்டினேன், அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே அக்காவை பார்க் தெருவுக்கு மாற்றினார். அக்கா நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, மாத்திரையைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். சிறுநீரில் புரதம் போகிறதாம், மாசா மாசம் பார்க்க வேண்டுமாம்.

மற்ற பதின்மூன்று பேருடைய தாளையும் நான்தான் உறையில் போட்டேன். அவர்கள் யாரும் எங்கேயும் நிற்கவில்லை, வழக்கம்போலக் கூட்டினார்கள், வழக்கம்போல இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்றிலும் "மிக அதிகம்".

பார்க் தெருவில் போய் அக்காவிடம் தாளைக் கொடுத்தேன். மரத்தடியில் நின்று அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மத்தவங்களுக்கெல்லாம் என்னம்மா வந்துச்சு?"

ஒருத்தர் அளவை இன்னொருத்தரிடம் சொல்லக் கூடாது என்று ரூல் இருக்கிறது. அதைத்தான் சொன்னேன். சரிம்மா என்று சொல்லிவிட்டு, சட்டையின் கைப் பித்தானைப் போட முயன்றார். விரல் ஒத்துழைக்கவில்லை. நான்தான் போட்டுவிட்டேன்.