பூண்டு உரித்த கை

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் கம்ப்யூட்டர் டீச்சர். பிரிண்டர் ஓடவில்லை, மவுஸ் நகரவில்லை என்று பிள்ளைகள் வந்து நின்றால் நான் கேட்கும் முதல் கேள்வி, "வயரைப் பாத்தியா?" கேட்டுக் கேட்டு எனக்கு 'வயர் மிஸ்' என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. எல்லாம் ஊருக்கு உபதேசம்தான்.

அம்மா வடகவுஞ்சியில் தனியாக இருக்கிறாள். காலமெல்லாம் பூண்டு நட்டு, பிடுங்கி, உரித்த கை. ஆதாரில் கைரேகையைப் புதுப்பிக்காவிட்டால் ரேஷன் கார்டில் பேரை எடுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, பயந்துபோய் ஒருநாள் வெள்ளனே பஸ் ஏறி என்னிடம் வந்துவிட்டாள்.

"அரிசிக்காகச் சொல்லலத்தா. கார்டுல பேரு இல்லேன்னா செத்தவ கணக்குதானே" என்றாள்.

ஆதார் மையத்துக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என்னிடம் படித்தவள். எழுந்து வணக்கம் சொன்னாள். எங்களுக்குப் பின்னால் நல்ல வரிசை. அம்மா ரேகைக் கருவியில் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி வைத்தாள். எடுக்கவில்லை.

"அம்மாவுக்கு ரேகை தேஞ்சுருக்கும் மிஸ். பூண்டு வேலை செய்றவங்களுக்கு இப்படித்தான்" என்றாள் அந்தப் பெண். மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. வரிசையில் நின்றவர்கள் அம்மாவின் கையை எட்டிப் பார்த்தார்கள். கறுத்து வெடித்த விரல்கள், நகக்கண்ணில் மண்.

"கையக் கழுவிட்டு வரமாட்டியாம்மா?" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி. கைக்குட்டையை நனைத்து, பாத்திரம் விளக்குவதுபோல அந்த விரல்களைத் தேய்த்தேன். பூண்டு வாடை கிளம்பியது. அதற்கும் கூசினேன். "நல்லா அழுத்து" என்று அவள் கையைப் பிடித்துக் கருவியின்மேல் அமுக்கினேன். "வலிக்குதுத்தா" என்றாள் மெதுவாக.

கடைசியில் அம்மாவை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள் அந்தப் பெண். ஓட்டலில் கணக்கு எழுதுகிறவராம். வெண்ணெய் மாதிரி விரல். அவருக்கும் எடுக்கவில்லை. அப்போதுதான் அவள் குனிந்து கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தாள். கருவியின் வயர் பாதி கழன்று கிடந்தது. விரல் வைத்தால் எரிய வேண்டிய பச்சை விளக்கு அதுவரை ஒரு தடவைகூட எரியவில்லை. அது என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தது. நான் அம்மாவின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வயரைச் செருகியதும் அம்மாவுக்கு முதல் தடவையிலேயே எடுத்தது. "சாரிம்மா, வயர்தான் கழண்டுருச்சு" என்றாள் அந்தப் பெண்.

"அதனால என்னத்தா, பேரு இருந்தாச் சரி" என்று அம்மா சிரித்தாள்.

தினமும் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்வியை அந்தப் பெண்ணிடம் கேட்க எனக்கு ஏன் தோன்றவில்லை? பழுது அம்மாவின் கையில்தான் என்று நான் உடனே நம்பிவிட்டேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு வடகவுஞ்சி போனேன். அம்மா இட்லி அவித்திருந்தாள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இட்லியைக் கையால் எடுத்துத்தான் தட்டில் வைப்பாள். சூடெல்லாம் அவளுக்கு உறைக்காது. அன்று அடுக்களையில் தேடி ஒரு கரண்டியை எடுத்துவந்து, அதில் எடுத்து வைத்தாள்.

"கையச் சோப்புப் போட்டுத்தான் கழுவியிருக்கேன், சாப்பிடு" என்றாள்.