பார் அறையின் நடுச்சுவர்

1. தகனினி என்ற புறநகருக்குத் தெற்கே ஒரு பழைய கிராமத்துப் பப்பை அளந்து வரைய எங்கள் கட்டடக்கலை அலுவலகம் என்னை அனுப்பியது. உரிமையாளருக்குப் பாரையும் பக்கத்து அறையையும் ஒன்றாக்க ஆசை. நடுச்சுவரை எடுக்கலாமா என்று நான் சொல்ல வேண்டும்.
2. வராந்தா, மாடி, கூரை, இரண்டு செங்கல் புகைபோக்கிகள்: எல்லாம் அளந்தேன்.
3. பக்கத்து அறையில் அந்தச் சுவர்மேல் புது ஜிப்சம் பலகை.
4. பார் கதவைத் திறந்தேன். எங்கள் கோயில் நிர்வாகக் குழுவிலிருக்கும் யாழ்ப்பாணத்து அங்கிள், முன்னால் பீர் கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்.
5. வாசலிலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.
6. அந்த ஜிப்சம் பலகையை நம்பி வரைபடத்தில் எழுதினேன்: "பிற்காலத் தடுப்பு. அகற்றலாம்."

படத்தில் சுவர் நிழலாக இருந்தது, நடுவில் ஒரு டார்ட் போர்டு. இன்னொரு நாள் போயிருக்கலாம். அவர் மறுபடி இருந்தால் என்ன செய்வது என்று தோன்றியது. போகவில்லை.

சில மாதம் கழித்து, கோயிலில் அன்னதான வரிசையில் அவர் எனக்குப் பின்னால் நின்றார்.

"பிள்ளை, அந்தப் பப்புச் சுவரை உடைச்சுப்போட்டாங்கள். இந்த நாட்டுக் காட்டில முந்தி வெட்டின நல்ல கவ்ரி மரப் பலகை. டார்ட் போர்டுக்குப் பின்னால ஒரு குட்டிக் கதவும் இருந்தது."

"கதவா?"

"ஓம். அந்தக் காலத்தில பொம்பிளையள் பாருக்குள்ள வாறேல்லையாம். பக்கத்து அறையில இருந்து அதுக்குள்ளால கிளாஸ் வாங்குவினமாம். அங்கத்தைய கிழவர் ஒருத்தர் முந்தி ஒருக்கா போர்டைக் கழட்டிக் காட்டினவர்."

"அதை உடைக்கலாம்னு எழுதினது நான்தான் அங்கிள்."

"அண்டைக்கு உள்ளுக்கு வந்திருந்தா நானே காட்டியிருப்பனே."

"உங்களப் பார்த்துதான் அங்கிள் திரும்பினேன்."

"நானும் உங்களைக் கண்டுதான் பேப்பரால முகத்தை மூடினனான்." சிரித்தார். "சாம்பார் ஊத்துறாங்கள், தட்டை நீட்டுங்கோ."

என்னால் சிரிக்க முடியவில்லை. பார் பக்கம் நாலு அடி நடந்திருந்தால் பலகையின் வயது கண்ணிலேயே தெரிந்திருக்கும். அது கட்டடத்தோடு பிறந்த சுவர். அடுத்த வாரம் உரிமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். பலகைகள் இடிபாடுகளோடு போய்விட்டன என்றார். அந்தக் கதவும்தான்.

வரைபடத்தில் என் குறிப்பைத் திருத்தி, தவறு என்னுடையது என்று எழுதிக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். பார் இப்போது ஒரே பெரிய அறை. அந்தச் சுவரின் ஒரே ஒரு படம் என்னிடம் இருக்கிறது. அதில் டார்ட் போர்டு மட்டும் தெளிவாகத் தெரிகிறது.