விசாவுக்குப் போன வழியில் மாரியம்மன் துணை வந்தாள்

விசா தர முடியாதுன்னு பதில் வந்த அன்னிக்கு நான் யாரோடயும் பேசல. போனை அணைச்சு வச்சிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பா வேலைக்குப் போயிருந்தார். வீட்டுல வேற யாரும் இல்ல. அழுகைகூட வரல. எல்லாம் இதோட முடிஞ்சதுன்னுதான் நினைச்சேன். அந்த நிலைமையிலிருந்து மாரியம்மன் என்னை எப்படித் தூக்கி விட்டாள்னு, அவளை நம்பி வாழுற உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

என் பேர் சுகன்யா. ஊர் பிலிமத்தலாவை. அப்பா கண்டி மாநகர சபையில கிளார்க். நான் ஒரே பிள்ளை. கெம்பஸ்ல இரசாயனவியல் படிச்சு முடிச்ச வருஷமே அம்மாவுக்கு ரெண்டு சிறுநீரகமும் பழுதாயிருச்சு. வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய் இரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். அப்பாவால வேலையை விட முடியாது. அதனால நான்தான் கூடப் போனேன். என்னோட படிச்சவங்க வேலைக்குப் போனாங்க, கல்யாணம் கட்டினாங்க, வெளிநாடு போனாங்க. நான் அம்மா கட்டில் பக்கத்துல ஒரு கதிரையில உட்கார்ந்திருந்தேன். மூணு வருஷம் அப்படியே போச்சு. பிறகு ஒரு தைப்பொங்கல் முடிஞ்ச கையோட அம்மாவும் போயிட்டாங்க.

அம்மா போன பிறகு அப்பாதான் சொன்னார், "நீ விட்ட படிப்பை மறுபடி பிடிம்மா. எனக்காக வீட்டுல இருக்காத" என்று. தண்ணீர் சுத்திகரிப்பு சம்பந்தமா மேல்படிப்புக்கு ஜெர்மனியில விண்ணப்பிச்சேன். அடுத்த வருஷம் இடம் கிடைச்சது. செலவுக்கான ஏற்பாட்டை அப்பாவும் மாமாவும் பார்த்துக்கிட்டாங்க. விசா ஒண்ணுதான் பாக்கி. கண்டி டவுனில் ஒரு ஏஜென்சிக்குப் போனோம். ஏன் இந்தப் படிப்பு, இவ்வளவு நாளா என்ன செய்தீங்கன்னு விளக்கி எழுதிக் கொடுக்கணும். அதை அவங்களே எழுதினாங்க. நல்ல ஆங்கிலம். ஆனா அம்மாவைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. மூணு வருஷத்தை அப்படியே தாண்டிப் போயிருந்தாங்க. "இதெல்லாம் நாங்க எத்தனையோ பேருக்குச் செஞ்சது, தங்கச்சி" என்று அங்க இருந்த அண்ணன் ஒருத்தர் சொன்னதும் நானும் கையெழுத்து வச்சிட்டேன். ஜூன் மாசம் பதில் வந்தது. படிப்புக்குப் பிறகு நான் சும்மா இருந்த காலத்துக்கு விளக்கம் போதாது, படிக்கப் போற நோக்கம் தெளிவா இல்லைன்னு மறுத்திருந்தாங்க.

அக்டோபர்ல வகுப்பு ஆரம்பம். மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனா கொழும்புத் தூதரகத்துல நேர்முகத்துக்கு இடமே இல்ல. கம்ப்யூட்டர்ல பார்க்கும் போதெல்லாம் எல்லாம் நிரம்பியிருந்தது. ஏஜென்சி அண்ணன் ஒரு வழி சொன்னார்.

"பல்லேகல பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபேக்டரி இருக்கு. அங்க மூணு வருஷம் லேப்ல வேலை செஞ்சீங்கன்னு லெட்டர் எடுத்துத் தாரேன். யாரும் போய்ப் பார்க்க மாட்டாங்க."

"நான் அம்மாவைத்தானே அண்ணே பார்த்துக்கிட்டேன்?"

"அதை எழுதினா எடுபடாது தங்கச்சி. அவங்களுக்கு வேலை வேணும், அனுபவம் வேணும். யோசிச்சுட்டு வாங்க."

யோசிச்சேன். உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு, மனசு அந்தப் பக்கம் சாயத்தான் செஞ்சது. அப்பாகிட்ட கேட்டேன். "லெட்டர் வந்தா விசா வரலாம்" என்றார். "ஆனா அந்த மூணு வருஷமும் நீ உங்கம்மா பக்கத்துல இல்லைன்னு ஆயிடும். அது உனக்குச் சரின்னு படுதா?"

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. நேரா எங்க மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். பூஜை முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச பிறகு, சன்னிதிக்கு முன்னால நின்னு வாய் விட்டே சொன்னேன். "தாயே, நான் பொய் சொல்லப் போறதில்ல. என்கிட்ட இருக்கிறது அந்த மூணு வருஷம்தான். அதை வச்சே எனக்கு வழி விடு. வழி இல்லைன்னா அதைத் தாங்குற மனசையாவது கொடு." அவ்வளவுதான். நேர்த்திக்கடன் எதுவும் வைக்கல. ஆனா வெளியே வந்தப்ப என் நெஞ்சுல பயம் இல்ல. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவள் கேட்டுட்டாள், பார்த்துக்குவாள்னு ஒரு தைரியம். ஒண்ணும் மாறல, விசா வரல, நேர்முகத்துக்கு இடம் கிடைக்கல. ஆனாலும் நான் அன்னிக்கு நல்லாத் தூங்கினேன்.

அடுத்த நாளே உட்கார்ந்து என் கதையை நானே எழுதினேன். எனக்கு வந்த ஆங்கிலத்துல, நடந்ததை நடந்தபடி. பிறகு தினமும் காலையில விளக்கேத்திட்டு, நேர்முகத்துக்கு இடம் இருக்கான்னு பார்ப்பேன். பல வாரம் ஒண்ணுமே இல்ல. அப்பாகூட, அடுத்த வருஷம் பார்க்கலாமான்னு கேட்டார். "இந்த வருஷமே போவேன்ப்பா" என்று சொன்னேன். எந்த நம்பிக்கையில சொன்னேன்னு கேட்டா, அவள் மேல இருந்த நம்பிக்கையிலதான்.

ஆகஸ்ட் மாசம் ஒரு நாள் மத்தியானம், யாரோ வேணாம்னு விட்ட ஒரு இடம் வந்தது. மறுநாள் காலையிலயே கொழும்புல இருக்கணும். எல்லாப் பேப்பரும் தயாரா இருந்ததால உடனே பதிஞ்சேன். அன்னிக்குச் சாயங்காலம் மழை பிடிச்சது.

விடியும் முன்னமே நானும் அப்பாவும் கொழும்பு பஸ்ல ஏறினோம். கடுகண்ணாவைக்குக் கிட்டப் போனதும் பஸ் நின்னுருச்சு. முன்னால பெரிய வரிசை. மண் சரிஞ்சு, கல்லும் மரமும் ரோட்டுல கிடக்குதுன்னு பொலிஸ்காரர் வந்து சொன்னார். எப்போ திறப்பாங்கன்னு அவருக்கே தெரியல. ரயிலும் ஓடலையாம். அப்பாவோட முகம் வாடிப்போச்சு. நான் கண்ணை மூடி, "தாயே, இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தது நீதான். மிச்சத்தையும் நீயே பார்த்துக்க" என்றேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நின்னோம். பக்கத்துல ஒரு வேன் ஊர்ப்பக்கமாத் திரும்பிக்கிட்டு இருந்தது. ஓட்டினவர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி. தலையில தொப்பி, பின்னால துணி மூட்டைகள். அப்பா ஓடிப்போய், முஸ்லிம் அண்ணன்மாரை எங்க பக்கத்துல கூப்பிடுற மாதிரி 'நானா'ன்னு கூப்பிட்டுக் கேட்டார்.

"நானா, எந்தப் பக்கம் போறீங்க?"

"கொழும்புக்குத்தான். இது திறக்கிற வரைக்கும் நிக்க ஏலாது. கலகெதர பக்கமாப் போய்க் குருநாகலுக்கு இறங்கப் போறேன்."

"மகளுக்கு இன்னிக்கு விசா நேர்முகம். எங்களையும் ஏத்திக்குவீங்களா?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "ஏறுங்க ஐயா. நேரத்துக்குச் சேருவோமான்னு சொல்ல முடியாது. மத்ததை இறைவன் பார்த்துக்குவான்."

வழி நெடுக மழை. வளைவுக்கு வளைவு அவர் வாய்க்குள்ளேயே ஓதிக்கிட்டு வந்தார். நான் அம்மன் பேரைச் சொல்லிக்கிட்டு வந்தேன். அப்பா எங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே வந்தார். குருநாகல் தாண்டும்போதே என் நேரம் முடிஞ்சு போயிருந்தது. தூதரகத்துக்குப் போன் எடுத்துப் பார்த்தேன், லைன் கிடைக்கல. "திரும்பிப் போயிடலாமா?" என்று அப்பா மெதுவாக் கேட்டார். நானும் அந்த நானாவும் ஒரே நேரத்துல "வேணாம்" என்றோம்.

தூதரக வாசல்ல அவரே கொண்டுவந்து இறக்கி விட்டார். அப்பா கொடுத்த காசை வாங்கல. "பிள்ளைக்காக இறைவன்கிட்ட துஆ கேட்கிறேன்" என்று சொல்லிட்டுப் போயிட்டார். அவர் பேரைக்கூட நாங்க கேட்கல.

காவலாளிகிட்ட நேர்முகத்துக்குப் பதிஞ்ச கடிதத்தைக் காட்டி, பிந்திட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு சிங்களத்துல சொன்னேன். அவர் சிரிச்சார். "உள்ள போங்க. இரவு மழையில இந்த ஏரியாவுக்கே கரண்டும் போன் லைனும் போயிருச்சு. காலையில யாரையும் கூப்பிடல. இப்பதான் ஆரம்பிச்சாங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்துல என் பேரைக் கூப்பிட்டாங்க. என் வழியை மறிச்ச அதே மழைதான் அந்தக் கதவையும் எனக்காகத் திறந்து பிடிச்சிருந்தது. மாரின்னா மழைதானே. அவள் வேலையை அவளுக்குச் செய்யத் தெரியும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்காரப் பெண் அதிகாரி. நான் எழுதினதை வாசிச்சிட்டு, நேரா அந்த மூணு வருஷத்துக்குத்தான் வந்தாங்க. "அம்மாவைப் பார்த்துக்கிட்டீங்க, சரி. அதுக்கும் தண்ணீர் படிப்புக்கும் என்ன சம்பந்தம்?"

இந்தக் கேள்விக்கு நான் எதுவும் மனப்பாடம் பண்ணிட்டுப் போகல. இருந்ததைச் சொன்னேன். இரத்தம் சுத்தம் பண்ற மெஷினுக்கு நிறையத் தண்ணி வேணும். அந்தத் தண்ணில கொஞ்சம் குறையிருந்தாலும் நோயாளிக்கு ஆபத்து. வார்டுக்குப் பக்கத்து அறையில குழாய்த் தண்ணியை அடுக்கடுக்காச் சுத்தம் பண்ணுவாங்க. அம்மா தூங்கும்போதெல்லாம் நான் போய் அதைப் பார்ப்பேன். அங்க வேலை செய்றவங்ககிட்ட கேட்பேன். கதிரைக்குத் திரும்பி வந்து போன்ல தேடி வாசிப்பேன். எங்க மலைப்பக்கத்துல எத்தனையோ வீடுகள்ல ஊத்துத் தண்ணியை அப்படியே பிடிச்சுக் குடிக்கிறாங்க. இயந்திரத்துக்குக் கொடுக்கிற தண்ணியில பாதிச் சுத்தமாவது மனுஷங்களுக்குக் கிடைக்க வேணாமான்னு அங்க உட்கார்ந்துதான் யோசிச்சேன். இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்தது அந்த வார்டுல வச்சுத்தான்.

அந்த அதிகாரி எழுதுறதை நிறுத்திட்டுக் கேட்டாங்க. "போன தடவை ஏன் இதை எழுதல?"

"இது முக்கியமில்லைன்னு சொன்னாங்க" என்றேன்.

"இதுதான் முக்கியம்" என்றாங்க.

பொய்க் கடிதத்தோட போயிருந்தா அந்தக் கேள்விக்கு என்கிட்ட என்ன பதில் இருந்திருக்கும்? நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்கும். வீணாப் போச்சுன்னு உலகம் சொன்ன வருஷங்களையே அம்மன் என் கையில பதிலாக் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில விசா வந்தது. அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்துட்டு, அம்மா படத்துக்கு முன்னால கொஞ்ச நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னார். வகுப்பு தொடங்குறதுக்கு முன்னமே நான் இங்க வந்து சேர்ந்துட்டேன்.

இப்போ இங்க குளிர்காலம். பாடம் கஷ்டம், மொழி அதைவிடக் கஷ்டம். ஆனா எதைக் கண்டும் எனக்குப் பழைய பயம் வர்றதில்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறையில அவள் படத்துக்கு முன்னால உட்கார்ந்து, அந்த வாரம் நடந்ததையெல்லாம் சொல்லுவேன். கேட்கிறதைவிட நன்றி சொல்றதுதான் இப்போ அதிகம்.

உங்களுக்கும் ஏதோ ஒரு கதவு மூடியிருக்கலாம். உங்ககிட்ட இருக்கிற உண்மையை, அது எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, எடுத்துக்கிட்டுப் போய் அவள் முன்னால வையுங்க. கூட்டிக் குறைச்சுச் சொல்ல வேணாம். தனியாப் போகத் தயக்கமா இருந்தா உங்க பேரை மட்டும் எனக்கு அனுப்புங்க. வர்ற வெள்ளிக்கிழமை உங்க பேரைச் சொல்லி நானும் கேட்கிறேன்.