எட்டரை மணிக்குப் பறந்த கழுகு

கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்ட பாறு கழுகு ஒன்று எங்கெல்லாம் போகிறது என்று, அதன் முதுகில் கட்டிய ஜிபிஎஸ் கருவியை வைத்துக் கண்காணிப்பது என் வேலை. மாட்டுங்கா வீட்டில் உட்கார்ந்து கணினியில் பார்ப்பேன்.

ஒருநாள் அதன் புள்ளி வடாலாவில் வந்து நின்றது. இரண்டு நாள் அசையவில்லை. வயிறு முட்டத் தின்ற கழுகு அப்படித்தான் கிடக்கும் என்று அறிக்கை எழுதினேன். வடாலா எனக்கு நடக்கிற தூரம்தான். போகவில்லை.

மூன்றாம் நாள் காலை எட்டரைக்குப் புள்ளி செம்பூருக்குப் பறந்தது. சந்தோஷத்தில் எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். மாலையில் திரும்பியது. மறுநாளும் அதே எட்டரை. சந்தேகப்பட்டு வரைபடத்தைப் பெரிதாக்கினேன். புள்ளிகள் தண்டவாளத்தின் மேலேயே போய், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்றிருந்தன. கருவி ரயிலில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் வடாலா ஸ்டேஷனில் நின்றேன். ரயிலில் பெண்கள் பெட்டியான லேடீஸ் டப்பாவுக்குக் காத்திருந்த ஒரு பெண்ணின் டிபன் பைக்கு வெளியே அந்தக் கருவி தொங்கியது.

"தேடுறவங்க கண்ணுல படட்டும்னு வெளிய கட்டுனேன் சார்," என்றாள்.

"கழுகு?"

"பட்டம் விடுற மாஞ்சா நூலு றெக்கைய அறுத்து எங்க கூரையில விழுந்துச்சு. ரெண்டு நாளு உசுரோட கெடந்துச்சு. தண்ணி வச்சேன். யாருகிட்ட சொல்லன்னு தெரியல. மூணாம் நாளு விடியக்காலம் செத்துப் போச்சு."

கருவி இருக்கும் இடம் கணினியில் தெரியும் என்று விளக்கினேன். அவள் என்னையே பார்த்தாள்.

"அப்ப அந்த ரெண்டு நாளும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தீயளா?"

வண்டி வந்தது. கருவியை அவிழ்த்து என் கையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

இப்போதும் வேறு கழுகுகளின் புள்ளிகளைத்தான் பார்க்கிறேன். ஏதாவது ஒரு புள்ளி அரை நாள் அசையாமல் நின்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.