மடியில் சாகவில்லை

எழுபதுகளின் கடைசியில், கிளியூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போன என் வீட்டுக்காரர் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். குடித்துவிட்டு ஏறினார் என்று எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டர் எழுதி வைத்தார். என் வீட்டுக்காரர் குடிக்கிறவரே இல்லை. அந்த ஒரு வார்த்தையைக் கோடு போட்டு அடிக்க வைக்க வேண்டும், எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஐந்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். அதனால் சாவைப் பற்றி லேபர் அதிகாரி நடத்திய விசாரணைக்கு முன் நானே நோட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்துத் தெரியும், நடந்ததைச் சொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஒப்பாரிதான். எங்கள் இழவு வீடுகளில், செத்தவர் கடைசியாகச் சொன்னதாக ஏதாவது சேர்த்து அழுவோம். கூட இருந்தாயா என்று யாரும் கேட்பதில்லை. என் மடியில் கிடந்து, "பிள்ளையைப் பார்த்துக்கோ" என்று சொல்லி உயிரை விட்டதாக எழுதிவிட்டேன்.

அதிகாரி அதைத்தான் பிடித்தார்.

"ஏம்மா, அவர் விழுந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊட்டுலதானுங்க. ராகி அரைச்சுட்டு இருந்தேனுங்க."

ரைட்டர் சிரித்தார். "அந்தாளு குடிக்கமாட்டான்னு சொல்றதும் இந்த மாதிரிதானுங்க சார்."

மறுநாள் ஏற்காடு பஜாரில் டைப் அடிக்கும் பெண்ணிடம் போனேன். என் தாளைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"ஒப்பாரிய ஊட்டுல வெச்சுட்டு வாங்கக்கா. உங்க கண்ணு பாத்தத மட்டும் சொல்லுங்க."

"அழுததச் சொல்ல வேண்டாங்களா?"

"அதுக்கு என்ற மெஷின்ல எழுத்து இல்லீங்க. சேதி கேட்டு அங்க போனதும் மொதல்ல என்ன பாத்தீங்க?"

ஒற்றை மூங்கில் ஏணி, கால் வைக்கும் கணு முறிந்து கிடந்தது. முறிவுக்குள் பூச்சி அரித்த மாவு. "வேற?" என்றாள். மீதியையும் சொன்னேன். குடிச்சிருக்கான் என்று ரைட்டர் அப்போதே கத்தினார். நான் குனிந்து என் வீட்டுக்காரர் வாயை மோந்து பார்த்தேன். காலையில் குடித்த கூழின் புளிப்புத்தான் இருந்தது.

"இத ஏனுங்கக்கா எழுதாம உட்டீங்க?"

"செத்த மனுசன் வாய மோந்தேன்னு எப்படிங்க எழுதறது? நொம்ப வெக்கமா இருந்துச்சு."

அதையும் சேர்த்து டைப் அடித்துக் கொடுத்தாள்; கீழே கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மொதல்ல மடியில செத்தார்னீங்க. இப்ப இது. எதம்மா நான் நம்பறது?"

பொய்யை எழுதிய கையெழுத்தும் உண்மைக்குக் கீழே இருந்த கையெழுத்தும் ஒன்றுதான். ரைட்டர் எழுதிய வார்த்தையை யாரும் அடிக்கவில்லை.