குமுளி மலையில் உடையாத முகம்

2010 ஜூன். காலை ஏழரைக்குத் தேனியிலிருந்து டிரைவரும் நானும் கிளம்பினோம். குமுளி போய்த் திரும்ப வாடகைக் கார், ஆயிரத்து நானூறு ரூபாய். போகிற வழியெல்லாம் கைபேசியில் நேரலைப் படம் ஓடுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஊர் சுற்றச் சம்பளமா என்று வீட்டில் கேலி. பழனிசெட்டிபட்டி கடைத்தெருவைச் சக ஊழியர் ரவி கேமராவில் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தார். சிக்னல் மெலிந்தால் எங்கள் மென்பொருள் படத்தின் தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அசையாதவை தெளிவாக நிற்கும். அசைபவை கட்டம் கட்டமாக உடையும்.

கம்பம் வரை படம் பரவாயில்லை. லோயர் கேம்ப்பில் மலை ஏறியதும் நொண்டியது. குமுளியில் டீ குடித்துவிட்டு இறங்கும்போது பாதையில் மண் சரிந்து கிடந்தது. போலீஸ் யாரையும் தாண்ட விடவில்லை. மாற்று வழியான கம்பம்மெட்டுப் பாதையிலும் மரம் விழுந்திருந்தது. அங்கே மாட்டிக்கொண்டு நிற்கும்போதுதான் டிரைவர் செல்லத்துரைக்குப் போன் வந்தது. அவரைப் பெற்ற ஆத்தா இறந்துவிட்டார்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கப் போறாகளாம் சார். தம்பி காரியத்தப் பாத்துக்கிருவான். எனக்கு மொகம் பாத்தாப் போதும்."

அவர் வீடும் பழனிசெட்டிபட்டிதான். ரவியைக் கேமராவோடு அங்கே அனுப்பினேன்.

மூன்று மணிக்குப் படம் வந்தது. சுற்றி நின்று மாரடித்த பெண்கள் சாம்பல் நிறக் கட்டங்களாகச் சிதறினார்கள். ஒருத்திக்கு முகமே இல்லை. நடுவில் ஆத்தா மட்டும், நெற்றிக்காசும் மூக்குத்தியுமாக அத்தனை துல்லியம். உயிரோடிருப்பவர்கள் எல்லாரும் ஆவியாகி, இறந்தவர் ஒருவரே நிஜமாக இருந்த மாதிரி இருந்தது.

திரையைத் தடவிக்கொண்டிருந்த செல்லத்துரையின் விரல் சட்டென்று நின்றது.

"சார், அங்கன செவுத்தோரம் அய்யா உக்காந்திருக்காக. அவுக ஏன் இம்புட்டுத் தெளிவாத் தெரியிறாக?"

அவர் காட்டியது தன் அப்பாவை. அவர் தன் போனில் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏலே, அய்யாவ உலுப்புலே!"

"அழுது ஓஞ்சு உக்காந்திருக்காக, விடுண்ணே."

"சக்கர மாத்திர போட்டாகளா? என்ன சாப்பிட்டாக?"

"மாத்திர போட்டாக. ஆத்தாவ எடுக்காம அடுப்பு எப்பிடிண்ணே பத்தவைக்க?"

"வெறும் வயித்துல மாத்திரையா? சக்கர கொறஞ்சிருக்கும், உலுப்புலே!"

தம்பி உலுக்கினான். அய்யா கட்டங்களாகச் சிதறினார். கை விலகியதும் மறுபடி அதே தெளிவு. யாரோ ஓடிவந்து அவர் உதட்டுக்குள் சீனியைத் தடவினார்கள். படம் உடையக் கூடாது என்று மூன்று வருடம் உழைத்தவன் நான். உடையட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன். யாரும் தொடாமலே, அய்யாவின் தாடை மெல்லக் கலங்கியது. பிறகு கண்கள்.

"ஒடையுது சார்! அய்யா மொகம் ஒடையுது!" செல்லத்துரை என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

ஆறு மணிக்குப் பாதை திறந்தது. அதற்குள் ஆத்தாவை எடுத்துவிட்டார்கள்.

வேலை முடிந்து சென்னை வீட்டுக்குத் திரும்பியதும், பெங்களூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவோடு கணினியில் பேசினேன். இங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. நான் சொல்வதைக் கேட்டபடி அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு சுருக்கம் விடாமல் முகம் தெரிந்தது.

"அப்பா, கையைக் கொஞ்சம் ஆட்டுங்க" என்றேன்.