மெல்ல வேண்டாத அல்வா

கைக்குழந்தையை அடித்தாள் என்று ஃபெபி மேல் மனு. நிரூபணமானால் வேலை போய்விடும். அடித்தது நிஜம்தான், என் கண்ணால் பார்த்தேன். அதற்கு மாலை போட்டிருக்க வேண்டும். மனுவா போடுவார்கள்?

மாஞ்சோலையில் தேயிலை பறித்தவரின் மகள் ஃபெபி. கல்லிடைக்குறிச்சியில் பத்தொன்பது வருடமாக அங்கன்வாடி டீச்சர். ஆறு மாதம் முடிந்த பிள்ளை இருக்கும் வீடெல்லாம் ஏறி இறங்குவாள். "நிமித்தி உக்கார வச்சு ஊட்டுங்க. பருப்புஞ்சோறு கரண்டியில ஒழுகாம நிக்கணும், ஆனா கட்டி இருக்கக் கூடாது." சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றி அவள் குடித்த தண்ணீரில் தாமிரபரணி ஒரு சாண் இறங்கியிருக்கும்.

பாபநாசம் கோயிலில் எங்கள் தெரு சுகன்யாவின் மகனுக்கு முதல் சோறூட்டு; டீச்சரையும் என்னையும் அழைத்திருந்தாள். டீச்சர் சொன்ன பக்குவத்தில் மசித்த சோறு கிண்ணத்தில் இருந்தது. அதற்குள் சுகன்யாவின் மாமனார் கொம்பையா பேரனை மடியில் மல்லாத்தி, வாயில் அல்வாவைத் திணித்துவிட்டார்.

"அண்ணாச்சி, வேண்டாம்!" என்று கத்தினாள் ஃபெபி.

"திருநவேலிக்காரன் வாயில மொதல்ல அல்வாதான் படணும். இதுக்குப் பல்லு எதுக்கு? தானா வழுக்கிட்டுப் போயிரும்லா!"

வழுக்கத்தான் செய்தது, உள்ளே இருந்த அரை முந்திரியோடு. இருமல் இல்லை, அழுகை இல்லை. உதடு நீலம் பாரித்தது. ஃபெபி பிள்ளையைப் பிடுங்கி, முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலையைத் தாழ்த்தி, தோள்களுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டினாள். நாலாவது தட்டில் முந்திரி தரையில் விழுந்தது. பிள்ளை அழுத அழுகை கூடங்குளம் வரை கேட்டிருக்கும்.

"பச்சப் பிள்ளைய அடிக்கா பாருங்க!" என்றார் கொம்பையா. மறுநாளே மனு.

விசாரணைக்குச் சாட்சியாக நானும் போனேன். "ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துருங்க டீச்சர், முடிஞ்சிரும்" என்றார் அதிகாரி. உயிரைக் காத்தவள் மன்னிப்பு எழுதுவதாம்!

ஃபெபி பேனாவைத் தொடவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். முந்திரி போட்ட அல்வா.

"அண்ணாச்சி, இந்த பெஞ்சுல மல்லாந்து படுங்க. மெல்லாம முழுங்கிக் காட்டுங்க, எழுதித் தாரேன். பயப்படாதீங்க, அடைச்சா நான் தட்டுதேன்."

கொம்பையாவின் கை தானாகத் தொண்டைக்குப் போனது.

சுகன்யா எழுந்தாள். "மனுவுல எம் பேரை எதுக்குப் போட்டீங்க மாமா? எம்புள்ள உசுரோட இருக்கது டீச்சராலதான். மனுவைத் திரும்ப வாங்குங்க."

வாங்கிக்கொண்டார். மன்னிப்பு மட்டும் இன்னும் அவர் தொண்டையிலேயே நிற்கிறது. யாராவது முதுகில் நாலு தட்டுத் தட்டினால் தேவலை.